பதினேழாவது சுற்று

மழை பொய்த்த ஆண்டுகளில் மட்டும்
சோயா வயலில் அந்த நீள்வட்டம் எழுந்து வருகிறது.
இறுகிய களிமண்ணின் மேல்
முழங்காலைத் தொடாமல் மஞ்சளித்து நிற்கும் செடிகள்,
சுற்றிலும் பச்சை.
பூச்சி அரித்ததென்று நினைத்துப் போகிறார்கள் நெடுஞ்சாலைக்காரர்கள்.
நான் காரை ஓரங்கட்டி
நான்காம் வளைவு எங்கே என்று தேடுகிறேன்.

நெப்ராஸ்கா, ப்ளாட் ஆற்றுக்கு வடக்கே,
ஐம்பத்தெட்டு ஆகஸ்ட்.
எனக்குப் பத்தொன்பது வயது.
பலகைக் கோபுரத்தின் உச்சியில் மூன்று பென்சில், ஓர் அட்டை.
கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு காரின் எண்ணையும் குறிக்க வேண்டும்.
இரவுக்கு ஆறு டாலர், ஒரு ஹாட் டாக்.

தண்ணீர் லாரி இருமுறை சுற்றிப் போனபின்
மண்ணிலிருந்து கிளம்புவதை
மழை வாசம் என்று சொல்ல மாட்டேன்.
விளக்கெண்ணெய் கருகி, மெத்தனாலோடு சேர்ந்து
கண்ணைக் கரிக்கிற ஓர் இனிப்பு.

அந்தக் கார்களுக்குத் தானாய்க் கிளம்பத் தெரியாது.
டிரக் ஒன்று பின்னால் முட்டித் தள்ள
ஓர் இருமல், இன்னோர் இருமல்,
பிறகு பல்லெல்லாம் அதிர ஒரு கத்தல்.
கூரை இல்லை, கம்பிக்கூண்டு இல்லை.
தோள்வரை வெளியே தெரியும் ஆட்கள்,
வாயில் கடித்த கைக்குட்டை.
இடப்பக்கம் திரும்ப
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்;
வால் முந்திக்கொண்டு வரும், மண்ணை வாரி இறைத்து.
வேலியோரத்துப் பீர் கோப்பைகளில் கட்டி கட்டியாக விழும்.
துப்பிவிட்டுக் குடிப்பார்கள்.

நாற்பத்தொன்று, லூமிர் வொண்ட்ராசெக்.
மாலையில் பால் கறந்துவிட்டு வருகிறவன்.
ஒன்பது, ஓர்வல் டீட்ஜன்.
இருபத்தைந்து சுற்றுக் கடைசிப் பந்தயத்தில்
புழுதி மண்டி விளக்குகள் பழுத்துப்போயின.
யார் யாரை ஒரு முழுச் சுற்று முந்தியிருந்தார்கள் என்பது
என் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

பதினேழில்
லூமிர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
சேறு பூசிய முகத்தில்
கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம்.
அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
அவனை எழுத மறந்தேன்.

அவ்வளவுதான்.
ஒரு சுற்று குறைந்தது; கோப்பை ஓர்வலுக்கு.

லூமிர் கோபுரம் ஏறி வந்து அட்டையைக் கேட்டான்.
ஈரக் கட்டைவிரல்
பதினேழாம் கட்டத்தின் வெறுமையில் நின்றது.
"புழுதி அதிகம்தான் இன்றைக்கு" என்றான்.
இறங்கிப் போய்விட்டான்.
அந்த இலையுதிர்காலத்தில் காரை விற்று
வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்கினான் என்றார்கள்,
ஓரிகானுக்குப் போனான் என்றும்.

நான் மணந்தது ஓர்வலை.
கோப்பை எங்கள் பிரிட்ஜின் மேல் நாற்பத்தாறு ஆண்டு நின்றது.
துடைத்தவள் நான்.
அவனுக்குத் தெரிந்திருக்கலாம்,
ஒரு விருந்தாளியிடமும் அதைக் காட்டியதில்லை;
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
சூப்பைக் கலக்கியபடி
"லூமிர் அன்றைக்கு வேகம்" என்றான்.
நான் உப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

மின்னல் விழுந்து பார்வையாளர் மேடை எரிந்தது
அறுபத்துமூன்றிலா, நான்கிலா?
பிறகு ஏலம், பிறகு உழவு.
உழுதும் போகவில்லை, பாருங்கள்,
கலப்பை புகாத ஆழத்தில் இன்னும் இறுகியே கிடக்கிறது.

இதோ காற்று.
மஞ்சள் வளைவிலிருந்து மெல்லிய புழுதி கிளம்பி
என் கார்க் கண்ணாடிமேல் படிகிறது.
நாற்பத்தொன்று, என்கிறேன்.
உரக்க.
மக்காச்சோளம் ஏற்றிய லாரி ஒன்று
எதற்கோ ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது.