லைன் க்ளியர்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால்
டாக்டர் மெர்சி ஃப்ளோரா வரத் தாமதம்.
அதுவரை நாங்கள் ஏழு பேர்
சுகாதார நிலையத்து மாடியில்
சொட்டு மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே
நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம்.
ஒருநாளும் அது வட்டமாக வருவதில்லை.
கதவோரத்து நாற்காலியை நான்
கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன்.

இங்கே கேட்டது படி இறங்கக் கூடாது.
அறிவுரை கூடாது.
அழுகிறவருக்கு ஓடிப்போய்த் தண்ணீர் நீட்டக் கூடாது.
கடைசி விதிதான் கஷ்டம்.
முதல் மாதம் முழுக்கச் செங்கமலம்
தன் கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டாள்.

அவள் கழுத்தில் தீக்காயம்.
ஸ்டவ் வெடித்தது என்று எழுதிக் கொடுத்தவள்
ஒன்பதாவது வாரம்
ஸ்டவ்வை எடுத்துவிட்டு ஆள் பெயரைச் சொன்னாள்.
கொள்முதல் நிலையத்துக்கு நெல் லாரி ஓட்டிய பக்கிரிசாமிக்கு
ரிவர்ஸ் எடுத்த அந்த ஒரு நிமிடம்
எந்தத் தூக்கத்திலும் முடிவதில்லை.
கூத்தாநல்லூர் ஹாஜிரா பீவி
மகனைக் கொண்டுபோன வெண்ணாற்றை
'அது' என்றுதான் சொல்வார்.
மேட்டூர் திறந்த சேதி வந்த வாரம்
அவர் வரவில்லை.
அவர் நாற்காலியில் யாரும் பை வைக்கவில்லை.

நான் மின்வாரியத்தில் வயர்மேன்.
பதினோரு வியாழனும்
பெயர், ஊர் மட்டும் சொன்னேன்.
மற்றதற்கு, "அடுத்த வாரம் மேடம்."

பன்னிரண்டாவது வியாழன்
மின்விசிறி சுவிட்சில் பொறி பறந்தது.
ஒரு சின்ன நீலம், அவ்வளவுதான்.
செருப்பு அறையில் கிடக்க
நான் படிக்கட்டில் நின்றிருந்தேன்.
யாரும் கூப்பிடவில்லை.
செங்கமலம் துடைப்பக் கட்டையால்
சுவிட்சைத் தட்டி அணைத்தது மட்டும் கேட்டது.
திரும்பி வந்து உட்கார்ந்தபோது சொன்னாள்:
"நீங்க எப்பவும் அதப் பாத்துட்டுத்தான் உக்காருவீங்கண்ணே.
மொத வாரமே தெரியும்."

தெரியுமாம்.
நான் இத்தனை நாள் ஒளித்து வைத்தது
ஒருத்திக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.
தெரிந்துகொண்டே
பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம் வாய் தானாகப் போயிற்று.
"லைன் க்ளியர்னு சொன்னது நான்.
ஏறுன்னு சொன்னதும் நான்.
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்
கம்பிக்குத் திரும்பி வரும்னு நெனைக்கல."
இடுப்புக் கயிற்றில் அவன் தொங்கியதைச் சொல்ல ஆரம்பித்து
நாற்பது நிமிஷம் என்பதோடு நின்றுவிட்டேன்.

உன் தப்பில்லை என்றார் விசாரணைக்கு வந்த அதிகாரி.
என் மனைவியும் அதையே சொன்னாள்.
சோசியர் சனியின்மேல் போட்டார்.
அந்த வார்த்தைக்காக ஆறு முகங்களையும் பார்த்தேன்.
ஒருவரும் சொல்லவில்லை.
டாக்டரும்.
தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருந்தது.
கீழே வெங்காய வண்டிக்காரன்
கிலோ விலையை மூன்று முறை கத்திவிட்டுப் போனான்.

பக்கிரிசாமிதான் கேட்டார்:
"அவரு பேரு என்ன தம்பி?"

இரண்டு வருடமாகக் காகிதங்களில் அவன்
'மேற்படி பணியாளர்'.
இளவழகன், என்றேன்.
வலங்கைமான் பக்கம்.
கம்பம் ஏறும்போது சீட்டியடிப்பான்.
ஒரு பாட்டும் சுருதி சேராது.

ஹாஜிரா பீவி சிரித்துவிட்டார்.
வாயைப் பொத்திக்கொண்டார்.
பிறகு கையை எடுத்துவிட்டார்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார் டாக்டர்.
பசிக்கிறது என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டார்.

இன்றும் தூக்கம் வராது, தெரியும்.
அடுத்த வியாழன் அந்தச் சுவிட்சை
மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.
மெயினை நிறுத்திவிட்டு
அங்கேயே நிற்கிறேன் என்றாள் செங்கமலம்.
சுற்றுவட்டாரத்து மண்டபங்களில்
அன்றைக்குக் கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்று
விசாரித்து வைப்பதாகச் சொன்னார் பக்கிரிசாமி.