எடைமேடையில் காற்று

கார்த்திகை முடிய நான்கு நாள்.
புதுவயல் முழுக்க நெல் அவியும் வாசம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
லாரி ஏறும், எண் வரும், சீட்டுக் கிழிப்பேன்.
அடுத்த லாரி வருவதற்குள்
வங்காள விரிகுடாவை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை அது வெறும் கலங்கல்,
அந்தமானுக்குத் தெற்கே
தரையில் சிந்திய வடிகஞ்சி மாதிரி.
புதன் இரவு சுழி விழுந்தது.
இரட்டைச் சுழிப் பிள்ளை என்றால் வீட்டில் பயப்படுவார்கள்.
நான் டீ சொல்லிவிட்டு
படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

ஒரு கணினி வேதாரண்யம் என்கிறது,
இன்னொன்று கடலூருக்குக் கை காட்டுகிறது.
நான் நம்புவது
கோட்டைப்பட்டினத்து ஐஸ் பிளான்ட் நைனா முகமதுவை.
ஆறு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை.
அவரிடம் பழைய கப்பலில் கழற்றிய பித்தளை அழுத்தமானி.
என்னிடம் ஆலையின் மேல்தொட்டியில்
நான்கு குழிக்கரண்டியும் சைக்கிள் டைனமோவும் சேர்த்து
நானே செய்த காற்றுமானி.
எங்கள் பேச்சில் நலம் விசாரிப்பு கிடையாது.

‘ஆயிரத்து மூணு.’
‘இங்க ஆயிரத்து நாலு. காத்து?’
‘வாடை. அசையல.’

வாடை கொண்டலாகத் திரும்பினால் அது தெற்கே போகிறது.
கோடையாகச் சாய்ந்தால் வடக்கே.
திசை மாறாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால்
நம் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டு
வருகிறது என்று அர்த்தம்.

முதலாளி தேனப்பன் கூண்டுக்கு வந்தார்.
‘களத்துல நானூறு மூட்டை காயுது. அள்ளவா?’
போன வருடம் அள்ளச் சொன்னேன்,
மறுநாள் பல்லைக் காட்டியது வெயில்.
புயலம்மா என்று களத்தில் பெயர் வைத்தவள் சிகப்பி.
‘அள்ளுங்க’ என்றேன்.
என் குரலில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.
சிகப்பி துடுப்பை ஊன்றி நின்று
என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.
அவள் வீட்டுக்கு மேலே எட்டுத் தகரம்.

வரக்கூடாது என்று வாய் சொல்லும்.
விரல் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.
வலுவிழந்தது என்று அறிவித்த ஒவ்வொரு தடவையும்
எனக்குச் சப்பென்று போயிருக்கிறது.
இதை நைனாவிடமும் சொன்னதில்லை.

வெள்ளி இரவு. பஸ் இல்லை, கரண்ட் இல்லை.
பேட்டரியில் எடைக்கருவி மட்டும் முழித்திருந்தது.
‘தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தியாறு’ என்றார் நைனா.
ஒன்று நாற்பதுக்கு,
‘தொண்ணூத்தியொண்ணு. வாடை, இன்னும் வாடை—’
அதோடு சரி.

காலி மேடை.
சிவப்பு எண்கள் மாறத் தொடங்கின.
இருபது. பூஜ்யம். அறுபது. நாற்பது.
யார் ஏறினார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.
காற்றுதான்,
சுமை இறக்க வந்தது மாதிரி
ஏறுவதும் இறங்குவதுமாக.
நூற்று இருபது.
மேல்தொட்டியில் ‘டங்’ என்று ஒரே ஒரு சத்தம்,
மூன்று வருட வேலை எங்கோ பறந்துபோனது.
குறிப்பேடு மடியில் திறந்தபடி கிடந்தது.
நான் எதையும் எழுதவில்லை.
ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன்,
தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே.

இரண்டே முக்காலுக்கு வாடை கோடையானது.
கண் வடக்கே போய்விட்டது.
ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்,
சொல்ல ஆளில்லை.

விடிந்தபோது களம் ஏரி. மூட்டைகள் உள்ளே, பத்திரமாக.
சிகப்பி முழங்கால் தண்ணீரில் வந்தாள்.
‘சொன்னபடியே வந்துருச்சு’ என்றாள்.
‘அஞ்சு தகரம் போச்சு.’
இரண்டையும் ஒரே குரலில்.

மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
‘பிளான்ட் கூரை இல்ல. மானி இருக்கு.
தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு வரைக்கும் எறங்குச்சு!’
‘சாப்டீங்களா?’ என்று கேட்டுவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
‘அத விடுங்க. உங்க பக்கம் காத்து எவ்வளவு?’
‘நூத்தியிருவது.’
‘கிலோமீட்டரா!’
‘இல்ல. கிலோ.’