அபராதச் சீட்டுகள்

கவுண்டருக்கு அந்தப் பக்கம் மாய்தா.
எங்கள் கட்டடத்தில் மூன்றாம் தளம்,
வினிகர் தீர்ந்தால் என் கதவைத் தட்டுகிறவள்.
அன்று, "அட்டையைக் கொடுங்கள்" என்றாள்
என் பேர் தெரியாதவள்போல.

நெர்மினின் பிறப்பைப் பதியப் போயிருந்தேன்.
அவனுக்கு ஆறு வாரம், நாட்டுக்குப் பத்து மாதம்.
இரண்டும் இரவில் தூங்க விடவில்லை.

துளையிடும் கருவியை எடுத்தாள்.
கோப்பில் கோக்கும் தாளுக்குப் போடுவோமே, அதேதான்.
ஒரே அழுத்து.
புகைப்படத்தில் என் இடது காதுக்குக் கீழே
பட்டாணி அளவு வெளிச்சம்.
மேசையில் விழுந்த குட்டி வட்டத்தை
வாயால் ஊதித் தள்ளினாள்.

"பதிவேட்டில் நீங்கள் இல்லை."
எங்கே போனேன் என்று கேட்டேன்.
"அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

மூன்று வயதில் ரயிலில் வந்தவள் நான்.
யெசெனிட்சேயில்தான் எழுத்துக் கற்றேன்,
இவர்கள் மொழியில்தான் கனவில் சண்டை போடுகிறேன்.
பிறந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள்.
அந்த ஊர் அந்த மாதம்
ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியில் வந்தது,
கூரையில்லாமல்.

ரெஷாத் உருக்காலையில் பதினெட்டு வருடம்.
இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பாலத்தை உதைத்தாலும்
அவன் வார்த்த ஆணி ஒன்று சத்தம் கொடுக்கும்.
அனுமதிச் சீட்டு இல்லாதவனுக்கு உலையில் இடமில்லை
என்றார்கள்.
அவன் உலை அணைந்த வாரமே
என் உலையும் அணைந்தது.

பிறகு,
பிறகு என்ன, இருந்தோம்.
என் கடைவாய்ப் பல்லை ஒரு மாட்டு வைத்தியர்
தோட்டக் கொட்டகையில் பிடுங்கினார்.
காசு வாங்கவில்லை, "வாயைத் திறக்காதே" என்றார்
பிடுங்கி முடித்த பின்.
பேருந்தில் கடைசி இருக்கையில் உட்காரமாட்டேன்,
இறங்கி ஓட வாசல் பக்கம் வேண்டும்.
மாய்தாவைப் படிக்கட்டில் பார்ப்பேன்.
அவள் சுவரைப் பார்ப்பாள்.
வினிகரை எங்கே வாங்கினாளோ.

பிடிபட்ட நாட்களில் அபராதம்.
சட்டவிரோதமாகத் தங்கியதற்கு.
சீட்டில் என் பேர் சரியாக இருக்கும்,
தெரு, வீட்டு எண், தேதி,
எழுத்துக்கு மேலே வைக்கிற கொக்கிகூடத் தவறாது.
பதிவேட்டுக்குத் தெரியாத என்னை
அபராதத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.
சிலதைக் கட்டினேன், சிலதைக் கட்டவில்லை.
எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இருபத்திரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது.
அழிக்கப்பட்ட மாதம் ஒன்றுக்கு ஐம்பது யூரோ.
வருத்தம் தெரிவித்திருந்தார்கள், இரண்டாம் பத்தியில்.
நிபந்தனை:
அந்த மாதங்களில் இங்கேயே இருந்ததற்கு
ஆதாரம் காட்ட வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை.
மருத்துவர் குறிப்பு இல்லை, மாடு இல்லையே நான்.
டப்பாவைத் திறந்து கவுண்டரில் கவிழ்த்தேன்.

புதுப் பெண். மூக்கில் வளையம்.
பத்தொன்பது சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள்.
"இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது" என்றாள்,
உண்மையான மகிழ்ச்சியோடு.
என்னைத் துரத்தியவர்களே எனக்குச் சாட்சி,
கையெழுத்தும் முத்திரையுமாக.

நான் நன்றாக ஒளிந்திருந்த மாதங்களை மட்டும்
பென்சிலால் அடித்தாள்.

கோப்பில் கோக்க வேண்டுமல்லவா,
இழுப்பறையிலிருந்து அதை எடுத்தாள்.
ஒரே அழுத்து.
என் கை தானாகப் போய்
இடது காதுக்குக் கீழே தொட்டது.

"கணவர் பேரிலும் விண்ணப்பிக்கலாம்,
இறந்திருந்தாலும் பரவாயில்லை" என்றாள்.
"அவருடைய சீட்டுகள்?"

இல்லை, மகளே.
அவன் கெட்டிக்காரன்.
ஒருமுறைகூடப் பிடிபடவில்லை.