பதினேழு கிலோமீட்டர்

முதலில் சத்தம் வராது.
புல்வெளியில் ஒரு வெள்ளைக் கல் எழுந்து நிற்கும்.
பிறகு அதன் பக்கத்துக் கல்.
பிறகு மூன்றாவது.
பரவானி ஏரிக்கரையில்
கல்லுக்கும் காதில்லை, இவற்றுக்கும் காதில்லை,
குட்டியிலேயே நறுக்கிவிடுகிறார்கள்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று
கேட்டு வளர்ந்தவன் நான்.
இந்த மேட்டுநிலத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.
குனிந்து எடுக்கத்தான் முதுகு வரவில்லை.

மிதிக்காதே, இறங்கு, வண்டியைக் குறுக்கே வை,
கண்ணைப் பார்க்காதே:
டயருக்குப் பஞ்சர் ஒட்டியபடி நோதார் சொன்னது.
ஓடுகிற சக்கரம் அதற்கு ஓநாய்,
நின்ற சக்கரம் வெறும் சாமான்.
இறங்கினேன்.
ஆறு நாள் துவைக்காத காலுறையை
மூன்று மூக்குகள் படித்தன,
எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டைப் புரட்டியவரைவிட நிதானமாக.

சரிவிலிருந்து எல்ஷாத் வந்தான்.
தார்ப்பாய் போல ஒரு மேலங்கி, காதில் செல்போன்,
யாரோடோ சண்டை.
பேச்சை நிறுத்தாமலே நாக்கைச் சொடுக்கினான்.
இரண்டு திரும்பின.
ஒன்று திரும்பவில்லை.
"அலபாஷ்" என்றான் அதைக் காட்டி.
என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான்.
பாதி ரொட்டியை நீட்டினான்,
எனக்கா அதற்கா தெரியவில்லை.
பகிர்ந்துகொண்டோம். அதுதான் தப்பு.

கணவாய் வரை கூடவே வந்தது.
நான் மூச்சு வாங்கிய இடங்களில் உட்கார்ந்தது.
லாரி வந்தால் எனக்கு முன்பே ஓரம் ஒதுங்கியது.
அடுத்த பட்டியின் நாய்கள் பாய்ந்து வந்தபோது
நடுவில் நின்று
ஒரே ஒருமுறை உறுமியது.
கழுத்து முடியில் ரத்தம், பழையதா புதியதா,
பார்க்க விடவில்லை.

உச்சியில் காற்று, துருப்பிடித்த பலகை.
கீழே த்சால்கா வரை ஒரே சரிவு.
போ என்றேன், தமிழில்தான்.
கல்லை எடுத்தேன். இப்போது முதுகு வளைந்தது.
அது கையிலிருந்த கல்லை முகர்ந்து பார்த்து
வாலை ஆட்டியது.

துரத்தி வரும் நாயிடமிருந்து தப்பிக்க
வழியெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள்.
கூட வரும் நாயைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிரேக்கை விட்டேன்.
முதல் வளைவில், தாரில் நகங்கள் தட்டும் ஓசை.
இரண்டாவதில் மூச்சு மட்டும்.
மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியது.
அந்த வேகத்தில் திரும்பினால் விழுந்துவிடுவேன் என்பது உண்மை.
வசதியான உண்மை.

கால்சட்டையில் ஒட்டிய வெள்ளை முடியைப் பார்த்து
விடுதிக்கார சிரானுஷ் கேட்டாள், நாய் எங்கே?
மலைப் பக்கம் கை காட்டினேன்.
வீட்டுக்குப் போய்விட்டதா?
தலையசைத்தேன்.

இரவு, குறிப்பேட்டில்
அன்றைய கணக்கை எழுதினேன்:
ஏற்றம் முப்பத்தொன்று.
இரக்கம் பதினேழு.

எழுத்துப் பிழை.
அடித்துவிட்டுத்
திருத்தி எழுதினேன்.