நான்காம் கட்டம்

நாலுவழிச் சாலைக்கு வீடு போனபோது
மச்சிலிருந்து இறங்கியவை:
அடியில்லாத அண்டா, கரையான் தின்ற ஞானப்பாட்டுப் புத்தகம்,
பழைய வேட்டி சுற்றிய ஒரு வாள்.

எஸ்தர் பாய் அதை ஆட்டோவில் கொண்டுவந்தார்,
காய்ச்சல் பிள்ளையைப் போல மடியில் குறுக்காகக் கிடத்தி.
தம்பி ராபின்சன் பின்னால் பைக்கில்.
இரணியல் ஸ்டேஷனில் அன்று கரண்டு இல்லை.

நான் ஏட்டு.
அச்சடித்த தாள் கேட்பதை எழுதுவது என் வேலை.
கட்டம் மூன்று, நீளம்:
எதிர்த்த கடை டெய்லரிடம் டேப் வாங்கி அளந்தேன்.
கட்டம் நான்கு: செய்தவர் பெயர், ஊர்.

"பெரியப்பா ஏசுவடியான் பட்டாளத்துல இருந்தாரு சார்.
ரங்கூன்ல ஜப்பான்காரன் தலைகுனிஞ்சு குடுத்தது."
"போடே. சிங்கப்பூர்ல ஒரு வாட்சைக் குடுத்து வாங்கினது.
எனக்கிட்ட அவரே சொன்னாரு."
அது கட்டம் ஏழு, பிறகு பார்க்கலாம் என்றேன்.

உறை கழன்றதும் மூவரும் கொஞ்சம் பின்வாங்கினோம்.
விளிம்பை ஒட்டி நெடுக வெளுத்த ஒரு கோடு.
ஆடி மாசம் முட்டம் பாறைமேல் நின்றால்
தூரத்தில் உடைந்துகொண்டே போகும் அலை மாதிரி
ஏறி, இறங்கி, ஏறி.
நடுவில் ஒரு பல் தெறித்திருந்தது.
"சக்கை வெட்டினோம் சார், ஒரே ஒரு தடவை,"
என்றார் ராபின்சன்.

கைப்பிடி நாடா நைந்த இடத்தில்
வெள்ளைப் புள்ளிகள், அரிசி ஒட்டவைத்தது போல.
குளச்சல்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.
திருக்கை.
ஏலக்கூடத்து மூலையில் பையனாக நான்
பென்சில் முனை தேய்த்துக் கூராக்கிய அதே முதுகுத்தோல்.
மீன் யாரென்று தெரிந்துவிட்டது.
மனுஷன்தான் பாக்கி.

மூங்கில் ஆணியை ரீஃபில் முனையால் தள்ளினேன்.
பிடிக்குள் ஒளிந்திருந்த இரும்புவால் வெளியே வந்தது,
கருப்பட்டி நிறத் துருவோடு.
ராபின்சன் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் தேடி எழுந்தார்.
உட்காரும் ஓய் என்றேன்,
இந்த வாளைப் பற்றி எதுவும் தெரியாமலே.
துருவோடு துருவாக உளிக்கோடுகள் தெரிந்தன,
அது போனால் இதுவும் போகும் என்று பட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் மகள் அபிஷாவுக்கு ஒசாகாவில்
முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலை.
படம் அனுப்பினேன். இரவுப்பணி முடிந்து குரல் வந்தது:
"சித்தப்பா, பழைய எழுத்து. எனக்குப் பிடிபடல.
பன்னிரண்டாம் ரூம் ஆளுகிட்ட காட்டினேன்.
சாப்பிடாம பார்த்துக்கிட்டே இருந்தாரு.
முதல்ல ஊரு, செகி. அப்புறம் பேரு, கனெ..."

கனெ?

"அதுக்குமேல ஓட்டை."

பிற்காலத்தில் யாரோ வாளைக் குட்டையாக்கி
புதுப்பிடிக்குப் புதுத்துளை போட்டிருக்கிறார்கள்,
சரியாக அடுத்த எழுத்தின் நெஞ்சில்.
கனெ என்று தொடங்கும் கொல்லர்கள் அந்த ஊரில்
தலைமுறைக்குத் தலைமுறை நூற்றுக்கணக்கில் என்றாராம்,
அதற்குள் அவருக்கு மருந்து நேரம் வந்துவிட்டது.

எனக்கு அது விளங்கியது.
திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டில் நின்று
"ஞான" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.
ஞானதாஸ் திரும்புவார். ஞானமுத்து, ஞானசெல்வம்,
வட்டிக்கடை ஞானராஜ், பூ விற்கும் ஞானம்மாள்,
சட்டைப் பட்டையில் இடம் போதாமல்
பாதியில் நிற்கும் நானும்.

எஸ்தர் பாய் துளையில் கண்ணை வைத்தார்.
அந்தப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே
பறிமுதல் செய்த மணல் லாரி.
"ஒரு பயறுதான் போகும் சார் இதுவழியா.
ஒருத்தன் பேரு போயிருக்கு."

நான்காம் கட்டத்தில் எழுதினேன்:
ஊர், செகி. பெயர், கனெ.
அதன் பக்கத்தில் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார்.
"என்னய்யா இது, கனெ பூஜ்யம்?"

பூஜ்யம் இல்ல சார்.
ஓட்டை.
பொருளில் உள்ளபடி.