அசல் ரசீது

ஆடிக்காற்றில் நியூட்ரல் அறுந்த இரவு
எங்கள் தெருவுக்கு மட்டும்
முந்நூற்றெழுபது வோல்ட் வந்தது.
பல்பு ஒரு கணம் வெள்ளையாய்ச் சிரித்தது,
அவ்வளவுதான்.
சிகப்பி வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு டிவி,
என் கடை ஃப்ரிட்ஜ்.
நாற்பது கிலோ இட்லி மாவு
விடியுமுன் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது.

புதுவயல் அரிசி மில்கள் ஓடினால்
மங்கிவிடும் பல்புகள் எங்களுடையவை.
குறைவுக்குப் பழகியிருந்தோம்.
ஒரேயடியாய் இவ்வளவு தருவார்களென்று
நினைக்கவில்லை.

இழப்பீட்டு மனுவுக்குக் கேட்டார்கள்:
வாங்கிய ரசீது, அசல்.
ஃப்ரிட்ஜ் மேலேயே பத்திரமாய் வைத்திருந்தேன்.
சூட்டில் வெளுத்த தாளில்
ஓர் எழுத்தும் இல்லை.
உதவிப் பொறியாளர்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
திருப்பியும் பார்த்தார்.

அவர் மேசைக்கடியில்
பச்சை விளக்கோடு
முனகிக்கொண்டிருந்தது ஒரு ஸ்டெபிலைசர்.

அது என்ன விலை சார்,
என்றேன்.