ஏழாம் நாள் எடை

புதுவயலில் நெல் அவிக்கிற நேரம்.
மில்லுக்குப் பின்சந்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
சீட்டில் விழுந்த உமிச்சாம்பலைத் தட்டுவதற்குள்
மூன்று வீடு தாண்டி வருகிறது அழுகை.

பேர் இன்னும் வைக்கவில்லை.
அட்டையில் 'இளவஞ்சியின் பெண் குழந்தை'.
பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு.

கதவு திறந்ததும் சாம்பிராணி.
புகைக்குள்ளிருந்து ஓரகத்தி முத்துக்காமாட்சி:
"சளி புடிச்சிருச்சு சிஸ்டர், ஓயாமத் தும்முது."
சளி இல்லை தாயே,
புதுசாய்க் குடிவந்தவள்
மூக்கைக் கூட்டிச் சுத்தம் செய்கிறாள்.
அந்தச் சன்னலைத் திற.

மணிக்கட்டில் வசம்பு வளையல்,
கடைவாயில் வசம்புக் கரி,
தலைமாட்டில் சர்க்கரைத் தண்ணீர்ப் பாலாடை,
மெடிக்கல்காரர் 'சும்மா குடுங்க' என்ற கிரைப் வாட்டர்,
மூக்கில் விட எடுத்துவைத்த எண்ணெய்.
ஒவ்வொன்றாய்த் தாம்பாளத்தில் எடுத்துவைத்தேன்.
பார்க்கச் சீர்வரிசை மாதிரி இருந்தது.

சேவுகன் லாரியிலிருந்து வீடியோ காலில் வந்தான்.
வீட்டின் ஒரே டியூப்லைட்டுக்கு நேர்கீழே
பாய் போடச் சொன்னது அவன்தானாம்.
மஞ்சள் இறங்கிடுமாம், எவனோ போட்டிருக்கிறான்.
அது வேறு விளக்கு சேவுகா,
இது கொசு கூடுகிற வெளிச்சம்.
நெற்றியை அழுத்திப் பார்த்தேன், நெஞ்சை, பாதத்தை.
நெஞ்சோடு நிற்கிறது.
காலுக்கு வந்தால் காரைக்குடி, அன்றைக்கே.

பிறகு முத்துக்காமாட்சி குரலைத் தாழ்த்தி
ஒரு துணியைக் காட்டினாள்.
பொட்டளவு ரத்தம்.
"பச்சை மண்ணுக்குப் போயி... யாரு கண்ணோ."
யார் கண்ணும் இல்லை.
உள்ளே இருந்தபோது தாய் தந்த சுரப்பு இறங்குகிறது.
சில பெண்பிள்ளைக்கு அப்படி வரும், நின்றுவிடும்.

தூளியில் இட்டுத் தராசைத் தூக்கினேன்:
இரண்டு அறுநூறு.
"நூறு கிராம் எங்க போச்சு?
பால் பத்தலை, பவுடர் வாங்கணும்."
மில் ஊர்.
எடை குறைந்தால் இங்கே களவு என்று அர்த்தம்.
யாரும் திருடவில்லையம்மா,
எல்லாப் பிள்ளையும் முதல் வாரம் இளைக்கும்,
அடுத்த வாரம் கணக்கை நேர்செய்யும்.

இவ்வளவுக்கும்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள்
அப்போதுதான் பேசினாள்.
"அக்காவை வெளிய போகச் சொல்லுங்க."

"பாத்ததும் பாசம் பொங்கும்னாங்க.
எனக்கு ஒண்ணுமே வரலை சிஸ்டர்.
யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு.
அழுதாத் தூக்குறேன், அவ்வளவுதான்.
நான் என்ன மாதிரிப் பொம்பளை?"

பதிவேட்டில் எடைக்குக் கட்டம் உண்டு,
தொப்புளுக்கு, மஞ்சளுக்கு, பாலுக்கு.
பேனாவை மூடினேன்.

பிறந்த வார்டுகளில் இருபது வருஷமாய்
'பாரு, அம்மாவைக் கண்டு சிரிக்கிறா' என்று
சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.
ஏழு நாள் சிரிப்பு வெறும் உறக்கம்,
அது எனக்குத் தெரியும்.
சொல்ல நன்றாக இருந்தது, சொன்னேன்.

அவளிடம், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்:
என் மூத்தவனை முதல் மாதம் முழுக்க
மனசுக்குள் 'அது' என்றே நினைத்தேன்.

"எப்ப மாறுச்சு?"

தெரியவில்லை.
தேவகோட்டை பஸ்ஸில் ஒருநாள்
பக்கத்து மடியில் அவனைக் கொடுத்துவிட்டுச்
சில்லறை தேடினேன்.
டிக்கெட் கைக்கு வந்தும் கை சும்மா இருந்தது.
அன்றைக்கா, அதற்கு முன்னாலேயா.

இரண்டு வாரம் போயும் இப்படியே இருந்தால்,
உறக்கம் வராவிட்டால்,
ராத்திரி என்று பார்க்காமல் கூப்பிடு என்று
அட்டையின் பின்னால் நம்பர் எழுதினேன்.

பிள்ளை மறுபடி அழுதது.
இளவஞ்சி தூக்கினாள்,
கழுத்தைத் தாங்கி, சரியாக,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வெளியே சீட்டில் திரும்பவும் சாம்பல்.
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால்
'நாளைக்கு. தாய்க்கு' என்று குறித்துவிட்டுத்
தட்டாமலே உட்கார்ந்தேன்.